பருவம் மாறினால் ஸ்பார்க் பிளக்கும் மாற வேண்டுமா?

கம்ப்யூட்டர் பக்கத்தில் கார் பிளக்குக்கு என்ன வேலை என்கிறீர்களா? உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் பிராசஸர் மேல் ஒரு ஹீட் சிங்க் இருக்கும். சூட்டை வெளியே கடத்துவது அதன் வேலை. ஸ்பார்க் பிளக்குக்கும் பொறி தருவதோடு இந்த வேலையும் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பழைய காருக்குப் பிளக் வாங்குவது எளிது.

எங்கள் வீட்டில் இருப்பது 1996 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி. மூன்று சிலிண்டர், மூன்று பிளக். நாங்கள் கோவையில் இருக்கிறோம், பாட்டி ஊட்டியில். மாதாமாதம் அவரை டாக்டரிடம் அழைத்துச் செல்வது இந்த வண்டிதான். மார்கழிக் குளிரில் அது கிளம்பியே ஆக வேண்டும். "குளிருக்கு ஹாட் பிளக், வெயிலுக்குக் கோல்ட் பிளக் போடுங்கள்" என்று அப்பாவிடம் பலர் சொல்கிறார்கள். இது சரிதானா?

ஹாட், கோல்ட் என்றால் என்ன?

ஹாட் பிளக் சூடான பொறியைத் தருவதில்லை. பிளக்கின் நுனியில் உள்ள வெள்ளைப் பீங்கான் நீளமாக இருந்தால் சூடு மெதுவாக வெளியேறும், அது ஹாட். குட்டையாக இருந்தால் சூடு வேகமாக வெளியேறும், அது கோல்ட். நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரியும். 800 டிகிரியைத் தாண்டினால் பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. அப்படி நடந்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கோவை வெயிலுக்கும் ஊட்டிக் குளிருக்கும் வித்தியாசம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஹீட் ரேஞ்சில் ஒரு படி மாற்றினால் நுனிச் சூடு சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவோ 2000 டிகிரியைத் தாண்டுகிறது. ஆகவே வெளிக்காற்றுக்காகப் பிளக்கை மாற்றத் தேவையில்லை. கார் கையேட்டில் உள்ள எண்ணையே எல்லாப் பருவத்திலும் போடுங்கள்.

எண்ணைப் படிப்பது எப்படி?

மதர்போர்டுக்கு ஏற்ற ராம் வாங்குவது போலத்தான் இதுவும். பி.பி.5.இ.எஸ். என்ற என்.ஜி.கே. பிளக்கில் முதல் 'பி' 14 மி.மீ. மரை, '5' ஹீட் ரேஞ்ச், 'இ' 19 மி.மீ. மரை நீளம். என்.ஜி.கே.யில் எண் கூடினால் கோல்ட். போஷில் எண் கூடினால் ஹாட்! எனவே கம்பெனி மாற்றும்போது எண்ணை அப்படியே ஒப்பிடாதீர்கள். கம்பெனியின் இணையதளத்தில் கார் மாடலைக் கொடுத்துச் சரியான எண்ணைப் பாருங்கள்.

அப்படியானால் வண்டி ஏன் மக்கர் செய்கிறது?

குளிரில் சோக்கை இழுத்து ஓட்டுகிறோம். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதால், கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலின் விகிதம் கூடுகிறது. இரண்டுமே பிளக்கில் கரி படிய வைக்கும். மழைக்காலத்தில் வெடித்த பிளக் ஒயரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் ஈரம் இறங்கி மின்சாரம் கசியும்.

செய்ய வேண்டியவை:

1. எஞ்சின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டரையும் சோக்கையும் கவனியுங்கள். பீங்கான் வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு.

2. பொறி பாயும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து கையேட்டின்படி வையுங்கள்.

3. மழைக்கு முன் ஒயர்களைச் சோதியுங்கள்.

4. எக்ஸெலில் தேதி, கிலோமீட்டர், மூன்று பிளக்குகளின் நிறம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு பிளக் மட்டும் மாறுபட்டால் அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு.

மூன்றுமே அடிக்கடி கறுத்தால், ஹாட் பிளக் கேட்குமுன் கார்புரேட்டரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பட்டியலை அச்செடுத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். பாதி வேலை முடிந்தது!