கேட் இல்லாத எல்லை... பாஸ்போர்ட் யார் கையில்?



மகளோ, மகனோ, கொழுந்தனாரோ ஐரோப்பாவில் வேலையாக இருந்தால், லீவுக்கு நம்மையும் கூப்பிடுகிறார்கள். போனால் காரிலேயே நாலு நாடு சுற்றிக் காட்டுகிறார்கள். அப்படிப் போகப்போகிற தோழியருக்கு உதவட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதென்றால் பெரிய கேட், நீளமான கியூ, முத்திரை குத்துவது எல்லாம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே பல இடங்களில் ஒன்றுமே கிடையாது! நீல போர்டில் நட்சத்திர வட்டம், நடுவில் நாட்டின் பெயர். அவ்வளவுதான், அடுத்த நாடு வந்தாச்சு!

1985 ஜூன் 14ம் தேதி, லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சின்ன ஊரில், ஆற்றில் நின்ற ஒரு படகில் வைத்து, ஐந்து நாடுகள் போட்ட ஒப்பந்தம்தான் இதற்கு ஆரம்பம். 1995 மார்ச்சில் எல்லைச் சோதனையை எடுத்தார்கள். இப்போது இதில் 29 நாடுகள் இருக்கின்றன. நாம் வாங்கும் 'ஷெங்கன் விசா'வுக்குப் பெயர் வந்ததும் அந்த ஊரால்தான்.

நாங்கள் ஜெர்மனியின் முனிச்சிலிருந்து ஆஸ்திரியா, ஸ்லோவேனியா வழியாக குரோஷியா கடற்கரைக்குப் போனோம். நாலு நாட்டிலும் யூரோ காசுதான். ஆஸ்திரியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் எல்லை, கரவாங்கன் மலையைக் குடைந்த கிட்டத்தட்ட 8 கி.மீ. சுரங்கப்பாதைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நாட்டில் நுழைந்து இன்னொரு நாட்டில் வெளியே வருகிறோம்!

கேட்தான் இல்லையே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதமே.

நாங்கள் எட்டு பேர், இரண்டு கார். பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, என்னவர் தன்னிடம் வைத்துக்கொள்ளப் பார்த்தார். மாமியார் விடவில்லை. "அவங்கவங்களுது அவங்கவங்க கையில இருக்கட்டும்பா. வழியில நீ ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம் ஆயிட்டா என்ன பண்றது?" என்று சொல்லி, தன்னுடையதைப் பெரிய சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். எட்டாவது வரை படித்தவர் அவர்!

திரும்பி வரும்போது, ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையும் இடத்தில் போலீஸ் நின்றது. மணி ராத்திரி பத்து. முன்னால் போன ஆண்கள் காரை விட்டுவிட்டார்கள். என் ஓர்ப்படி ஓட்டி வந்த எங்கள் காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். குழந்தை உட்பட ஒவ்வொருவர் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்த்தார்கள். ரெண்டே நிமிஷம், 'போகலாம்' என்று கை காட்டிவிட்டார்கள். அந்தப் பை மட்டும் முன்னால் போன காரில் இருந்திருந்தால்..? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஷெங்கன் நாடுகள், தேவைப்பட்டால் தற்காலிகமாகச் சோதனை வைக்க விதியில் இடம் இருக்கிறது. ஜெர்மனி 2015ல் ஆஸ்திரியா பக்கம் ஆரம்பித்தது. 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா சாலை எல்லைகளிலும் வைத்தது. ஆகவே யாரை எங்கே நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது.

விசாவையும் ஒரு முறை நாமே படித்துப் பார்க்க வேண்டும். எத்தனை முறை நுழையலாம் என்று அதில் எண் இருக்கும். 01 என்றால் ஒரே முறைதான். குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரிலிருந்து துப்ரோவ்னிக் போகும் பழைய கடற்கரைச் சாலை, நடுவில் நியூம் என்ற ஊரில் போஸ்னியா நாட்டுக்குள் புகுந்து வெளியே வருகிறது. போஸ்னியா ஷெங்கனில் இல்லை. 01 விசாவோடு அங்கே நுழைந்தால் விசா தீர்ந்த மாதிரிதான்; குரோஷியாவுக்குள் திரும்ப வர முடியாது! நல்லவேளை, 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போனால் போஸ்னியாவைத் தொடாமலே போகலாம். எங்கள் விசாவில் 01 என்று பார்த்ததுமே ஓர்ப்படி, "அக்கா, நாம பாலம் வழியாத்தான் போகணும்" என்று முடிவு பண்ணிவிட்டாள்.

கிளம்பும் முன் இன்னும் இரண்டு விஷயம். வாடகைக் கார் என்றால், எந்தெந்த நாட்டுக்குக் கொண்டு போகலாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்திரியா, ஸ்லோவேனியா நெடுஞ்சாலைகளுக்கு 'விக்னெட்' என்ற சாலை வரிச் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

ரேஷன் கார்டும் கேஸ் புக்கும் எந்த டப்பாவில் இருக்கிறது என்று வீட்டில் நம்மைத்தானே கேட்கிறார்கள்? பாஸ்போர்ட், விசா என்றால் மட்டும் ஏன் 'அவரைக் கேளுங்க' என்று ஒதுங்க வேண்டும்? நம்முடையது நம் கைப்பையிலேயே இருக்கட்டும், தோழியரே!