சேர்ந்து போட்ட கணக்கு

அறிவியலோ பொறியியலோ படிக்க விரும்பும் அமெரிக்க மாணவர், மாறிக்கொண்டேயிருக்கும் அளவுகளைக் கணிக்கும் முறையாகிய நுண்கணிதத்தைக் கடந்தாக வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1970களில் கறுப்பின மாணவர் பலரின் படிப்பு அந்த வாசலிலேயே நின்றுபோனது. முதற்பருவ நுண்கணிதத்தை முடித்த அவர்களுள் 60 விழுக்காட்டினர் பெற்றவை டி, எஃப் என்னும் கடைநிலைத் தரங்களே. பிறப்பும் வறுமையும் ஒருவரது கணிதக் கல்விக்குத் தடையாகாத நிலையைக் கணிதக் கல்வியில் சமநீதி எனலாம். அதற்காக உழைக்கும் துறைக்கு யூரி டிரைஸ்மன் வந்துசேர்ந்தது, பெர்க்லியில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது இத்தோல்வியின் காரணத்தைத் தேடப் புகுந்ததன் வழியாகத்தான்.

பேராசிரியர்களிடம் கேட்டபோது விடைகள் ஆயத்தமாகவே இருந்தன: ஊக்கம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் அக்கறை இல்லை, வறுமை. அவற்றை நம்பித் திட்டம் தீட்டுவது எளிதாயிருந்தும், கறுப்பின மாணவர் 20 பேரையும், அதே பாடத்தில் சிறந்து விளங்கிய சீன அமெரிக்க மாணவர் 20 பேரையும் மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அவர் நேரில் கண்டறிந்தார். அந்நான்கு விளக்கங்களில் ஒன்றுகூட நிலைக்கவில்லை. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பப் பல ஆண்டுகள் பாடுபட்ட பெற்றோரையே அவர் கண்டார். நுழைவுத் தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர்களும் நுண்கணிதத்தில் தோற்றிருந்தனர்.

வேறுபாடு படிக்கும் முறையில் இருந்தது. கறுப்பின மாணவர்கள் வகுப்புக்குத் தவறாமல் சென்று, ஆசிரியர் சொன்னபடி வாரத்துக்கு ஏறக்குறைய 8 மணி நேரம் படித்தனர். ஆனால் 20 பேரில் 18 பேர் எப்போதும் தனியாகவே படித்தனர். பள்ளியில் தனியே உழைத்து முன்னேறியவர்களாதலால், நட்பையும் படிப்பையும் கலக்காதிருப்பதையே ஒழுங்காகக் கொண்டிருந்தனர். சீன அமெரிக்க மாணவர்களோ ஏறக்குறைய 14 மணி நேரம் செலவிட்டனர்: முதலில் தனியே போட்டுப் பார்த்து, பிறகு ஒன்றுகூடி விடைகளை ஒத்துப்பார்த்து, ஒருவர் தவற்றை மற்றவர் திருத்தி, பழைய வினாத்தாள்களையும் அலசினர். எவராலும் தீர்க்க முடியாதது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியே உட்கார்ந்திருந்தவருக்கு அதே கணக்கு தம் அறிவின் குறையாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

இதையொட்டி 1978இல் தொடங்கிய கணிதப் பட்டறையில், பின்தங்கியோரைக் கைதூக்கிவிடும் குறைதீர் வகுப்பு என்ற எண்ணத்தையே அறவே விலக்கி, திறனுடையோருக்கான சிறப்பு ஏற்பாடாக அதை அமைத்து, கடினமான கணக்குகளைச் சிறு குழுக்களிடம் அவர் கொடுத்தார். பங்கேற்ற கறுப்பின மாணவர்கள் பங்கேற்காதவர்களைவிடத் தெளிவாக உயர்ந்த தரங்களைப் பெற்றனர். இம்முறை வேறு பல கல்லூரிகளுக்கும் பரவியது. பார்க்க வந்தோர் பலர் குழுப்படிப்பையே அதன் சாரமாகக் கருதினர். நன்கு தேர்ந்தெடுத்த கணக்குகளே அதன் உயிர்நாடி என்று டிரைஸ்மன் வலியுறுத்தியதை, அம்முறையைப் பின்பற்ற முனைவோர் மறக்கலாகாது. எளிய கணக்குக்கு இன்னொருவரின் துணை தேவைப்படுவதில்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மாறிய அவர், 1991இல் சார்லஸ் டேனா மையத்தை நிறுவினார். 1992இல் மெக்கார்த்தர் அறக்கட்டளையின் நல்கை அவருக்குக் கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகும் பள்ளி இயற்கணிதத்தையே மீண்டும் மீண்டும் படித்து, பட்டத்துக்குக் கணக்கில் சேராத குறைதீர் வகுப்புகளில் தேங்கி வெளியேறிய சமூகக் கல்லூரி எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகளின் மாணவர்கள்மீது பின்னாளில் அவர் கவனம் திரும்பியது. செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ விரும்புபவருக்கு இயற்கணிதத்தைவிடப் புள்ளியியலே மிகுதியும் பயன்படும் என்பதால், படிக்கும் துறைக்கேற்பக் கணிதப் பாதையைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை டேனா மையம் டெக்சாஸ் கல்லூரிகளோடு சேர்ந்து உருவாக்கியது.