யார்க் நகரத்தின் நாடக வண்டி

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரத்தில், பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1569ஆம் ஆண்டு வரை, கோடையின் தொடக்கத்தில் வரும் தேவநற்கருணைத் திருநாளன்று, உலக சிருஷ்டி தொடங்கி இறுதித் தீர்ப்பு ஈறாக விவிலிய சரித்திரம் முழுவதையும் சக்கரங்களின்மேல் ஏற்றி வீதிவழியே நடித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. ஏறத்தாழ ஐம்பது சிறு நாடகங்களைக் கைத்தொழிற் சங்கங்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டன. நோவா பேழை கட்டும் காட்சி கப்பல் கட்டுவோருக்கும், கிறிஸ்துவின் கடைசி இராப்போஜனம் ரொட்டி சுடுவோருக்கும் உரியனவாயின.

அதிகாலை நாலரை மணிக்கே நடிகர்கள் ஆயத்தமாக வேண்டும் என்பது 1415ஆம் ஆண்டின் நகர ஆணை. ஜனங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சுமார் 12 இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்திலும் தத்தம் நாடகத்தை முதலிலிருந்து நடத்திவிட்டு நகர்ந்தன. ஆகவே இந்த வண்டி, ஓடும்போது வாகனமாகவும் நின்றவுடன் அரங்கமாகவும் அமைந்து, ஒரே நாளில் பன்முறை இயங்கினும் பழுதுபடாத உறுதி உடையதாக இருத்தல் அவசியமாயிற்று.

அதன் நுட்பத்தை, இறுதித் தீர்ப்பு நாடகத்தை நடத்திய வணிகர் சங்கம் 1433இல் எழுதிவைத்த பொருட்பட்டியலால் அறிகிறோம். நான்கு சக்கர வண்டி, நரகத்தின் வாய், மூன்று முகமூடிகளில் அமைந்த ஆறு பேய்முகங்கள், மரத்தாலான வானவில், வானத்தைத் தாங்க நான்கு இரும்புக் கால்கள், கடவுளாக நடிப்பவர் அமர்ந்து விண்ணுக்கு எழுவதற்கென நான்கு மூலைகளிலும் கயிறு பூட்டிய இரும்பு ஆசனம், சிவப்பு வர்ணம் தீட்டிய ஒன்பது சிறு தேவதூதப் பிரதிமைகள், அவற்றை வானத்தில் ஓடச்செய்ய நீண்டதொரு மெல்லிய கயிறு—இவையெல்லாம் அதில் அடங்கும்.

பிற்காலத்தில் சமயச் சீர்திருத்தம் வேரூன்றவே இவ்விழா நின்றுபோயிற்று; எனினும் வசனங்கள் பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்றில் பிழைத்து, 1951இல் மீண்டும் அந்நகரில் மேடையேறின. அவ்வசனங்களைக் கற்போர் இந்தப் பட்டியலையும் உடன்வைத்துக் கற்றல் வேண்டும். ஏனெனில் சுவர்க்கத்தைக் கண்முன் நிறுத்தும் பொறுப்பை அம்மக்கள் கவியின் சொல்லுக்கு மட்டும் விட்டுவிடாமல், தச்சன் உளிக்கும் கொல்லன் சம்மட்டிக்கும் சமமாகப் பகிர்ந்தளித்தார்கள். தம் பக்திக்குத் தொழிலின் செம்மையையே காணிக்கையாக்கினார்கள்.