கிளி கடிதலும் கிளி கடித்தலும்

'கிளி கடிதல்' என்னுந் தொடர் தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. தினைப்புனங் காக்குங் குறிஞ்சிநில மகளிர், தழல், தட்டை, குளிர் என்னுங் கருவிகளால் ஒலியெழுப்பிக் கதிர் கவர வருங் கிளிகளை ஓட்டுதலைக் குறிஞ்சிப்பாட்டு முதலிய பழைய நூல்கள் கூறும். ஈண்டுக் கடிதலாவது ஓட்டுதல். நாம் இக்கட்டுரையில் ஆராயப் புகுந்ததோ, ஓர் ஒற்று மிகுந்த 'கடித்தல்'. அஃதாவது, வீட்டிற்குப் புதிதாக வந்த கிளி, வளர்ப்பாரின் விரலைக் கவ்விக் குருதி வரச் செய்தல். உற்று நோக்கின் இரண்டும் ஒன்றே என்பது புலனாகும். கூட்டிலுள்ள கிளி பகையாற் கடிப்பதன்று. 'அப்பாற் செல்க' என்று நம்மை ஓட்டுகின்றது. தழலுந் தட்டையும் இல்லாத அதற்கு அலகு ஒன்றே கருவி.

முதற்கண் ஒன்று கூறுதல் வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்தலும், விற்றலும், கூட்டிலடைத்தலும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டன. ஆதலின், நாம் கூறுவன அயல்நாட்டுக் கிளிகளைப் பற்றியனவே. நம் கடைத்தெருக்களில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் ஆஸ்திரேலியப் பட்ஜரிகரும், கொண்டையுடைய காக்கட்டீலும், ஆப்பிரிக்கச் சாம்பற்கிளியும் அவற்றுட் சில. சாம்பற்கிளி போன்றவற்றை வளர்ப்போர் அரசினரிடம் பதிவு செய்துகொள்ளுதலும் வேண்டும்.

இனி, கிளி கடிப்பது ஏன்? நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பழகியது. கிளியோ காட்டினின்று பிரிந்து சில தலைமுறைகளே ஆயின. பருந்து மேலிருந்து பாயக் கண்ட இனமாதலின், மேலிருந்து இறங்கும் மனிதன் கையும் அதற்குப் பருந்தாகவே தோன்றும். காட்டில் அஞ்சிய கிளி பறந்துபோம். கூட்டிலோ பறந்து செல்ல இடமில்லை. ஆதலின் கடியென்பது அதன் முதற்சொல் அன்று, இறுதிச் சொல்லேயாம். அதற்கு முன்னரே உடலை ஒடுக்கிப் பின்வாங்குதல், இறகுகளை ஒட்ட வைத்துக் கழுத்தை நீட்டுதல், வாலை விரித்தல், அலகைத் திறத்தல், சீறுதல் ஆகிய குறிப்புக்களால் அது தன் அச்சத்தை உணர்த்திவிடும். பெருங்கிளிகளின் கண்மணி சுருங்கி விரிதலும் காண்க. இக்குறிப்புக்களைக் கண்டவுடன் நாம் விலகிக்கொள்வோமாயின், கடிக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லையாய்விடும்.

மற்றொன்று: கிளிக்கு அலகு கை போன்றது. ஒரு கிளையில் ஏறுமுன் அதன் உறுதியை அலகாற் பற்றிப் பார்ப்பது அதன் வழக்கம். நம் விரலை அங்ஙனம் பற்றும்போது நாம் வெடுக்கென்று இழுத்தால், நம்பத்தகாத கிளையென்று அது துணியும்.

நம்பிக்கை பெறும் முறைகளுள் முதலாவது, இடமும் அமைதியும். கூட்டினை நம் மார்பளவு உயரத்தில், ஒரு பக்கஞ் சுவரையொட்டி அமைத்தல் நலம். ஒட்டாத பூச்சுடைய சட்டிகள் மிகக் காய்ந்தாற் பிறக்கும் ஆவி பறவைகளைக் கொல்லுமாதலின், அடுக்களை ஆகாது. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் உறக்கமும் வேண்டும். முதற் சில நாட்கள் தொட முயலாது, அருகிலமர்ந்து மெல்லப் பேசுதலே போதும்.

இரண்டாவது, உணவு. தினைக்கதிரைக் கிளிகள் பெரிதும் விரும்பும். அன்று மகளிர் மறுத்த அத்தினைக்கதிரையே இன்று நாம் அதற்குக் கையுறையாகக் கொடுத்தல் தகும். கையுறை என்றது அகப்பொருள் நூல்கள் கூறுங் காணிக்கையை. கடிக்கு அஞ்சி அணியுந் தோலுறையை அன்று. தோலுறை கிளியின் அச்சத்தை மிகுவிக்கும். முதலில் கதிரைக் கிண்ணத்திலிட்டு அகல்க. பின்னர்க் கம்பியின் புறத்தே நின்று நீண்ட கதிரின் நுனியை நீட்டுக. நாளடைவில் அதன் நீளத்தைக் குறைக்க. அதன்பின் உள்ளங்கையில் வைத்துக் கொடுக்க. இறுதியில் விரலை அதன் கால்களுக்குச் சற்று மேலே, வயிற்றின் முன் நீட்டி, 'ஏறு' என்க. மறுப்பின் கையை வாங்கிக்கொள்க. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, சில நிமிடங்களே போதும். பட்டினியிட்டுப் பணிய வைத்தல் கொடுமை. சாக்லேட்டும் வெண்ணெய்ப்பழமும் அதற்கு நஞ்சு.

மூன்றாவது, கடித்தபோது செய்யத்தக்கது. கூவுதலும், அலகைத் தட்டுதலும், முகத்தில் ஊதுதலும், கையை உதறுதலும் தீயன. அமைதியாக அதனை இறக்கிவிட்டுக் கடிக்குமுன் நிகழ்ந்தது யாதென எண்ணிப் பார்க்க. நன்கு பழகிய கிளி திடீரெனக் கடிப்பின் நோயும் காரணமாகலாம், மருத்துவரிடங் காட்டுக.

மறுக்க வழியுடைய கிளி எத்துணை நெருங்கிப் பழகும் என்பதற்கு அலெக்ஸ் என்னுஞ் சாம்பற்கிளி சான்று. ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1977 இல் சிக்காகோ நகரத்துக் கடையொன்றில் அதனை வாங்கி, 2007 இல் அஃது இறக்குமளவும் ஆராய்ந்தனர். நிறம், வடிவம், எண் ஆகியவற்றை ஆங்கிலச் சொற்களாற் கூறிய அக்கிளி, விருப்பமில்லாதபோது 'நோ' என்று மறுக்கவும் கற்றிருந்தது. எல்லாக் கிளியும் இங்ஙனம் பேசக் கல்லாது. ஆயினும் அதன் உடற்குறிப்பை நாம் மதிப்போமாயின், அதுவே அதற்கு மொழியாகும்.

காக்கட்டீல் 15 ஆண்டுகளுக்கு மேலும், சாம்பற்கிளி 40 ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லன. கடிக்குங் கிளியென்று பெயர் பெற்றது வீடு வீடாகக் கைம்மாறும். மாறுந்தோறும் அச்சம் வளரும். அச்சம் வளருந்தோறும் கடியும் மிகும். அயல்நாட்டுப் பறவையாதலின், வெளியே விடப்பட்டால் இரைதேட அறியாது மடிதலும் உண்டு. பழகுதற்குச் சில கிளிகளுக்கு வாரங்களும், சிலவற்றிற்கு மாதங்களும் ஆகும். முன்னர்த் துன்புற்ற கிளி கையில் ஏறாமலே அருகிருந்து மகிழவுங் கூடும், அந்நட்பும் நட்பே. ஆதலின் கிளி வாங்க எண்ணுவோர், கூட்டின் விலையை உசாவுமுன், அத்துணைக் காலம் பொறுத்திருக்கத் தம்மால் இயலுமோவென்று தம்மையே உசாவிக் கொள்வாராக.