புறநகர்ச் சுரங்க ரெயிலும் காலத்தின் விலையும்

பெருநகரங்களின் எல்லை விரியுந்தோறும், சுரங்க ரெயிலைப் புறநகர்வரை நீட்டுதல் வேண்டுமென்ற குரல் எழுகின்றது. அதனால் மிச்சமாகுங் காலம் செலவிற்கு ஈடாகுமா என்பதை ஒரு சான்றுகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கனடாவிலுள்ள டொராண்டோவின் சுரங்க ரெயில், 2017 டிசம்பர் 17-இல் அண்டையிலுள்ள வோன் நகர்வரை நீட்டப்பெற்றது. நீளம் 8.6 கிலோமீட்டர், நிலையங்கள் ஆறு, செலவு ஏறத்தாழ 320 கோடிக் கனடிய டாலர்.

நாள்தோறும் 50,000 பயணங்களில் ஒவ்வொன்றிற்கும் 10 நிமிடம் மிச்சமென வைத்துக்கொள்வோம். ஆண்டிற்கு 300 நாளெனின், அது 25 இலட்சம் மணி நேரமாகும். மணிக்கு 20 டாலர் மதித்தாலும் பயன் 5 கோடி டாலரே. முதலுக்கு நூற்றுக்கு 4 வீதம் வட்டி மட்டும் 12.8 கோடியாம்! பயணங்கள் இருமடங்காயினும் வட்டிக்கே போதாது.

எனினும், காலமொன்றே பயனன்று. நிலையத்தைச் சுற்றி வீடுகளும் தொழில்களும் பெருகக்கூடும். காரில்லாதாரும் கல்வியும் வேலையும் நாடிச் செல்லலாம். இவ்வழியிலுள்ள யார்க் பல்கலைக்கழக மாணவர் பெற்ற நன்மை சிறிதன்று. ஆயினும், அவர்கட்கு 2009 முதலே பேருந்துத் தனிவழி இருந்தது. ஆதலின், புதுப்பாதையின் பயனை அத்தனிவழியோடு ஒப்பிட்டு அளத்தலே முறை.

ஆகவே, மக்கள் நெருங்கி வாழுமிடத்துச் சுரங்கம் தகும். அல்லாதவிடத்து முதற்கண் பேருந்துத் தனிவழியே தகும் என்பது எம் துணிபு. மாணவரின் பத்து நிமிடம் அருமையுடையதே. அதனை வாங்கும் பொருளும் பொதுமக்கள் உழைத்த காலமேயன்றோ?