அன்றாடச் சிலுவையும் மலைநாட்டு வாழ்வும்

இரத்தசாட்சிகளின் வரலாற்றைக் கேட்கும்போது நம் உள்ளம் உருகுகின்றது. சிங்கத்தின் வாய்க்கு அஞ்சாதவர், தீயில் நின்று துதி பாடியவர், வாளுக்குக் கழுத்தை நீட்டியவர் என்று அவர்களது திடத்தை எண்ணி வியக்கின்றோம். ஆனால் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் கிறிஸ்தவர் ஒருவருக்குச் சிங்கம் எதிர்ப்படுவதில்லை. அவருக்கு எதிர்ப்படுவது அட்டை.

இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. சிங்கத்தின் முன் நிற்பதற்கு ஒருநாள் துணிவு போதும். அட்டையோ நாளைக்கும் வரும், மறுநாளும் வரும். உப்பையோ சவர்க்காரத்தையோ காலிற் பூசிக்கொண்டு, மழையில் வழுக்கும் சரிவிலே ஏறி இறங்கி, முப்பது ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்து, முகம் கடுக்காமல் இருப்பது வேறுவகையான திடம். சமயநூல்கள் முதலாவது வகையைப் பற்றி நிறையப் பேசியுள்ளன. இரண்டாவது வகையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். நான் குருவானவன் அல்லன், பாடசாலை நடத்துகின்றவன். ஆகவே ஓர் ஆசிரியனுடைய முறையிலேயே இதனை விளக்க முயல்வேன்.

சிலுவையை எடுத்துக்கொண்டு தம்மைப் பின்பற்றுமாறு இயேசுநாதர் சொன்ன வாக்கை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவருமே எழுதியுள்ளனர். மற்ற இருவரிடத்தும் இல்லாத ஒரு சொல் லூக்காவிடத்தில் மட்டும் இருக்கின்றது. அது 'அனுதினமும்' என்னும் சொல். சிலுவை என்பது உரோமர் காலத்தில் ஒருவன் ஒரே ஒரு தடவை சுமந்து, அதிலேயே மடியும் கொலைக்கருவி. அதனை அனுதினமும் சுமப்பது எப்படி? சொற்பொருளாகக் கொண்டால் இது முரண். ஆனால் அந்த ஒரு சொல்லினால் லூக்கா சிலுவையைக் கொலைக்களத்திலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். பெரிய நாளுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. இன்றைய நாளே போதும் என்பது அதன் கருத்து.

இனி, இன்றைய நாள் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி பொழுது புலருமுன் எழுகின்றாள். பீலிக்கரையிலே தண்ணீருக்கு வரிசை. முந்தியவள் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்தாள் என்று அங்கே ஒரு சொல் பிறக்கும். ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். சற்றுப் பிந்தினால் அன்றைய வேலையே இல்லையென்று திருப்பி அனுப்பப்படுதலும் உண்டு. இடுப்பிலே படங்கு, முதுகிலே கூடை, தலையிலே அதன் கயிறு. வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்றோடு வரும் மழை நாள் முழுவதும் நிற்காது. தை, மாசியிலோ நுவரெலியாப் பக்கத்தில் சில விடியல்களில் உறைபனி புல்லை வெளுக்கச் செய்துவிடும், விரல் மடங்காது.

இவையெல்லாம் இயற்கையின் சோதனைகள். இவற்றைவிட நுண்ணியது கொழுந்து மடுவத்திலே நடப்பது. முழுநாட் சம்பளத்தை எங்கள் பகுதியிலே 'பேர்' என்பார்கள். பதினெட்டுக் கிலோ, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் அளவை எட்டினால்தான் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். தராசு ஒன்று காட்டும். தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்தபின் ஏட்டிலே வேறொன்று விழும். ஒன்றிரண்டு கிலோதான். ஆனால் அந்த ஒன்றிரண்டு கிலோவைப் பறிக்க ஏறியிறங்கிய மேடு எவ்வளவு என்பது அவளுடைய முழங்காலுக்குத் தெரியும். பின்பு லயத்துக்குத் திரும்புகின்றாள். பழைய லயங்களில் ஒரு காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. அடுத்த காம்பராவுக்கும் இதற்கும் நடுவே ஒரு சுவர்தான். அங்கே ஒருவர் இருமினால் இங்கே குழந்தை விழிக்கும். அங்கே வானொலி உரக்கப் பாடினால் இங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். (நம்முடைய நிகழ்ச்சியைக் கேட்பவர்களும் இதனைச் சற்றே மனத்திற்கொள்வார்களாக.)

கிறிஸ்தவ வேதம் இத்தகைய நிலைகளைப் பற்றிப் பேசும்போது இரு கிரேக்கச் சொற்களைக் கையாளுகின்றது. ஒன்று, 'ஹூபொமோனே'. கீழே நிலைத்திருத்தல் என்பது அதன் பகுதிப் பொருள். சுமையின் கீழ் நின்றும் இடம்பெயராத நிலை அது. மற்றொன்று, 'மக்ரொதூமியா'. சினம் எழுவதற்கு நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும் மனம் என்று அதனை விரிக்கலாம். பெரும்பாலும் முந்தியது சூழ்நிலையைக் குறித்தது; பிந்தியது மனிதரைக் குறித்தது. தமிழ் வேதாகமத்தில் இவை 'பொறுமை' என்றும் 'நீடிய பொறுமை' என்றும் வழங்கக் காணலாம். வள்ளுவர் 'பொறையுடைமை' என்று ஓர் அதிகாரம் வகுத்த மொழி நம்முடையது. ஆகையால் இச்சொற்களுக்குத் தமிழிலே இடம் தேட வேண்டியிருக்கவில்லை. மழையையும் மேட்டையும் தாங்குவது முதலாவது பொறுமை. பீலிக்கரையில் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்தவளைத் தாங்குவது இரண்டாவது. இரண்டிலும் இரண்டாவதே அரிது என்பது என் எண்ணம். மழையோடு யாரும் பகை வைத்துக்கொள்வதில்லை அன்றோ?

இந்த இரண்டாவது வகைக்குப் பிரான்சு நாட்டிலே ஓர் அழகிய உதாரணம் உண்டு. கத்தோலிக்கர் சிறுமலர் என்றழைக்கும் தெரேசம்மாள் 1888ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், லிசியே நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1897இல், இருபத்துநான்கு வயதிலேயே, காசநோயால் இறந்தார். மதிலுக்கு வெளியே யாரும் அறியாத வாழ்வு. துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளை அடிக்கும்போதெல்லாம் அழுக்குநீர் தெரேசம்மாளின் முகத்தில் தெறித்தது. பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்காட்டினால் அச்சகோதரிக்குப் புரிந்திருக்கும். அவர் அதனைச் செய்யவில்லை. அந்த நீரை ஒரு கொடைபோல ஏற்கப் பழகினார். இவ்வளவுதான் கதை. இத்தகைய சிறு செயல்களின் வழியையே அவர் கடவுளிடம் செல்லும் வழியாகக் கொண்டார். 1925இல் புனிதராகவும், 1997இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். பீலிக்கரையை அறிந்த எம்மவருக்கு இக்கதையை விளக்கவே வேண்டியதில்லை.

ஆனால் நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழாமற் போகாது. உழைப்பவனிடம் பொறுமையைப் போதிப்பது யாருக்கு நன்மை?

இக்கேள்வி எங்கள் மலைநாட்டில் பழையது. 1854ஆம் ஆண்டில், தேயிலை வருவதற்கு முன், கோப்பித் தோட்டக் காலத்திலேயே 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் ஓர் ஊழியம் தொடங்கிற்று. திருநெல்வேலியிலே பணிபுரிந்த செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார் அதன் முதல் மேற்பார்வையாளர். திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசிமார் வந்து, தோட்டந்தோட்டமாக நடந்து போதித்தனர். எழுத்தறிவு பரவுவதற்கும் அவ்வூழியம் துணைசெய்தது. அந்த நன்றியை ஓர் ஆசிரியன் மறப்பது முறையன்று. எனினும் அம்மிஷனுக்குப் பொருளுதவி செய்தோருள் தோட்டத் துரைமார் முக்கியமானவர். சம்பளம் கொடுப்பவனே போதகருக்கும் பணம் கொடுக்கின்றான் என்றால், 'பொறுத்திரு' என்னும் போதனை எவருடைய வாயிலிருந்து வருகின்றது என்று கேட்பவன் ஐயப்படுவது இயல்பே. துரைமார் தொழுவதற்கு நுவரெலியாவில் 1852இலும், டிக்கோயா வார்லியில் 1878இலும் எழுந்த தேவாலயங்கள் இன்றும் அழகாக நிற்கின்றன. அக்காலத்துத் தொழிலாளி பெரும்பாலும் லயத்தின் முன்றிலிலே உபதேசியாரைக் கேட்டான்.

இந்த ஐயத்திற்கு விடை வேதத்திலேயே இருக்கின்றது என்பது என் துணிபு. யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பயிரின் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவனைக் காட்டி அவர் பொறுமையைப் போதிப்பது அங்கேதான். யோபுவின் பொறுமையைப் புகழ்வதும் அங்கேதான். ஆனால் அவ்வதிகாரம் அப்படித் தொடங்கவில்லை. வயலில் அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வர்களை அவர் முதலில் கண்டிக்கின்றார். கொடுக்கப்படாத அந்தக் கூலியே கூக்குரலிட்டுக் கடவுளின் காதை எட்டிவிட்டது என்கின்றார். அதன் பின்னரே பொறுமை. முதற்பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதியை மட்டும் பெரட்டுக்களத்திலே வாசிப்பது யாக்கோபுவுக்குச் செய்யும் அநீதி.

யோபுவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவர் வாய்பேசாமல் எல்லாவற்றையும் தாங்கினார் என்று பலர் எண்ணுகின்றனர். அந்நூலின் நாற்பத்திரண்டு அதிகாரங்களில் முதல் இரண்டை மட்டும் வாசித்தவர்களுக்கே அவ்வெண்ணம் தோன்றும். மூன்றாம் அதிகாரத்தில் அவர் தாம் பிறந்த நாளையே சபிக்கின்றார். பின்பு நண்பர்களோடு வாதாடுகின்றார். கடவுளோடும் வழக்குப் பேசுகின்றார். முறையிட்டும் வாதாடியும் விலகாமல் நின்ற அந்த மனிதரைத்தான் யாக்கோபு பொறுமைக்கு முன்மாதிரி என்கின்றார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் விதவையும் இவ்வினத்தவளே. அநீதியுள்ள நீதிபதியிடம் ஓயாமல் நடந்து நடந்து, அவனைச் சலிக்கச் செய்து, தனக்குரிய நியாயத்தைப் பெற்றவள் அவள்.

அவ்விதவையின் நடையை எங்கள் மக்கள் நன்கு அறிவார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரே மலையில் ஒரே கொழுந்தைப் பறித்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்; அதுவும் வேலைநிறுத்தத்தின் பின். ஆண்டுகள் பலவாகக் கேட்டுவந்த 1000 ரூபாய் நாட்சம்பளம் 2021இலே வந்தது; அடுத்த ஆண்டின் விலையேற்றம் அதனை அரித்துவிட்டது. இவற்றிலெல்லாம் சைவரும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் சேர்ந்தே நின்றனர். இயேசு சபையைச் சேர்ந்த போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியிலே 'சத்தியோதய' என்னும் நிலையத்தை நிறுவி, தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்தார், 2017இல் மறைந்தார். அவர் தமிழரல்லர் என்பதை இங்கே குறிப்பிடுவது நன்று.

ஆகவே எதனைப் பொறுப்பது, எதனை முறையிடுவது என்ற பகுப்பு வேண்டும். அயலவளின் கடுஞ்சொல்லைப் பொறுக்கலாம், பொறுப்பது அழகு. தராசிலே குறைந்த கிலோவைச் சினமின்றி, ஆனால் ஒவ்வொரு நாளும், கேட்கவேண்டும். தவறணையிலிருந்து திரும்பும் கணவன் கைநீட்டினால், 'பொறுத்துக்கொள், மகளே, இது உன் சிலுவை' என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இதனை நான் ஏற்பதற்கில்லை. சிலுவை என்பது ஒருவர் தாமாக எடுத்துக்கொள்வது. பிறர் ஒருத்தியின் தோளில் ஏற்றிவிடுவது அன்று. அவளுடைய பிள்ளைகள் மறுநாட் காலையில் என் பாடசாலையில் வந்து உட்காருகின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தவன் அந்த அறிவுரையைச் சொல்லத் துணியமாட்டான்.

இறுதியாக, வெளியார் கவனிக்காத ஒரு சிறு சோதனையைச் சொல்கின்றேன். கொழுந்து மிகுதியாக வரும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை கொடுப்பார்கள். அன்றைக்கு ஒன்றரை நாட் சம்பளம். ஞாயிறு காலை ஆராதனை நேரமும் கொழுந்து நேரமும் ஒன்றே. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவேண்டியிருக்கின்றது. கடையிலே கடனும் நிற்கின்றது. கோயிலுக்குப் போனால் சம்பளம் இல்லை. மலைக்குப் போனால் பலிபூசை இல்லை. இதற்கு நான் தீர்ப்புச் சொல்ல முன்வரவில்லை. சிலர் மலைக்குப் போய், நிரையில் நின்றபடியே வாய்க்குள் ஜெபமாலை சொல்கின்றார்கள். சிலர் கோயிலுக்குப் போகின்றார்கள். வேறு சிலர் மாலை ஆராதனையை நாடி, நனைந்த படங்கை இஸ்தோப்பிலே உலரப்போட்டுவிட்டு, முகம் கழுவி, வெள்ளைச் சேலை உடுத்து, பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு, இருட்டுமுன் குறுக்குப்பாதையால் இறங்குகின்றார்கள்.