கட்டி வலிக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள்

மார்பில் கட்டி தட்டுப்பட்டு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பெரியாஸ்பத்திரிக்கு வரும் பெண்களிடம் ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டால், இரண்டு பதில்களே திரும்பத் திரும்ப வருகின்றன. "வலிக்கலையே." "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே."

மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. பரம்பரை மரபணுக் கோளாறால் இந்நோய் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். பெண் என்பதும் நாற்பது வயதைத் தாண்டியதும் தவிர வேறு காரணமே இல்லாதவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கூடுதல் கவனம் யாருக்கு வேண்டும்? தாய், உடன்பிறந்தவள், மகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால். 12 வயதுக்கு முன் பூப்பெய்தியிருந்தால். 55 வயதுக்குப் பிறகு மாதவிடாய் நின்றிருந்தால். பிள்ளைப்பேறு இல்லையென்றால், அல்லது முதல் பிரசவம் 30 வயதுக்கு மேல் என்றால். இவற்றை நம்மால் மாற்ற முடியாது. மாதவிடாய் நின்றபின் ஏறும் உடல் எடை, உடலுழைப்பின்மை, மது, மருத்துவரைக் கேட்காமல் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் ஹார்மோன் மாத்திரை ஆகியவற்றை மாற்றலாம். தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கும். ஆனால் பால் கொடுத்தவளுக்கு நோயே வராது என்பது பொய். உள்ளாடை இறுக்கத்தால் இது வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதுமில்லை. அரிதாக ஆண்களுக்கும் வரும்.

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அங்கே மார்பகப் பரிசோதனை இலவசம். வயது குறைவு என்றாலும் கட்டி இருந்தால் போயே ஆக வேண்டும். கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல் "சாதாரணக் கட்டிதான், போங்க" என்று அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

அங்கே மூன்று பரிசோதனைகள் நடக்க வேண்டும்: மருத்துவர் கையால் பார்ப்பது, மேமோகிராம் அல்லது ஸ்கேன், ஊசியால் சதை எடுக்கும் பயாப்சி. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் ஓடிப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரவாது. பயாப்சி முடிவு வருமுன் எந்தச் சிறு கிளினிக்கிலும் கட்டியைக் கீறி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். அது பின்னால் வரும் சிகிச்சையைச் சிக்கலாக்கும். ஒவ்வொரு அறிக்கையையும் நகலெடுத்து ஒரே கோப்பில் வையுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஒரு வருமானச் சான்றுக்காக நோயாளியின் வீட்டாரை நாளைக்கு வா, மறுநாள் வா என்று அலைக்கழிக்கும் அலுவலர்கள், அவர்கள் தள்ளிப்போடுவது சிகிச்சையை என்று உணர வேண்டும். அந்த அலைச்சலை வீட்டு ஆண்கள் ஏற்கட்டும். காப்பீட்டு அட்டை கைக்கு வரட்டும் என்று அரசு மருத்துவமனைப் பரிசோதனையை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: வலி இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. எங்கே போவது என்று தெரியவில்லையா? 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.